சேவைக்கு வந்த இடத்தில் பட்டமளிப்பு விழா: செட்டிநாட்டுக்கு வரும் வெளிநாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு முழுமையான வழிகாட்டி

தேவகோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்புக்கு ஒவ்வோர் ஆண்டும் வெளிநாட்டுத் தமிழ்ப் பிள்ளைகள் நாலைந்து பேர் சேவைக்கு வருவார்கள். ஈப்போ, கோலாலம்பூர், டொரண்டோ, லண்டன் என்று எங்கிருந்தாவது. அவர்கள் நிரப்பிய விண்ணப்பத்தில் 'வளரும் நாட்டில் தன்னார்வப் பணி' என்று இருக்கும். வந்த முதல் நாள் பர்மா தேக்குத் தூண் நிற்கும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "இதுவா அக்கா வளரும் நாடு?" என்று கேட்பார்கள். அந்த வீட்டுக்குப் பின்னால் கண்மாய்க் கரையோரம் இருக்கும் ஓட்டு வீடுகளுக்குக் கூட்டிப் போனால் கேள்வி நின்றுவிடும். செட்டிநாட்டில் இருப்பவர்கள் எல்லாரும் செட்டியார்கள் அல்ல என்பது அன்றைக்குத்தான் புரியும்.

வந்து சில வாரம் ஆனதும் எங்களிடம் முன்பு படித்த பெண் யாராவது வகுப்புக்கு வந்து, "எனக்குக் கான்வகேஷன், நீங்க கட்டாயம் வரணும்" என்று கூப்பிடுவாள். அன்று ராத்திரியே எனக்கு வாட்ஸப்பில் வரிசையாகக் கேள்விகள் வரும். என்ன உடுத்துவது, என்ன கொடுப்பது, எத்தனை மணி நேரம் நடக்கும், காலில் விழுந்தால் என்ன செய்வது. தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

இந்த ஊரில் பட்டம் பிள்ளைக்கு, விழா அப்பா அம்மாவுக்கு. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே எழுதியிருப்பதில் பாதியை நீங்கள் படிக்கவே வேண்டாம்.

எந்த விழா என்று முதலில் கேளுங்கள்

பட்டமளிப்பு விழா என்று ஒரே பெயரில் இரண்டு நடக்கிறது. ஒன்று பல்கலைக்கழகத்தின் விழா. காரைக்குடியில் என்றால் அது அழகப்பா பல்கலைக்கழகம். வேந்தர் என்ற முறையில் ஆளுநர் தலைமை தாங்கும் விழா. இங்கே மேடையேறிக் கையில் வாங்குபவர்கள் பெரும்பாலும் முனைவர் பட்டம் முடித்தவர்களும் பதக்கம் பெறுபவர்களும்தான். இன்னொன்று அந்தந்தக் கல்லூரி நடத்துவது. சிறப்பு விருந்தினர் ஒருவர் வந்து, ஒவ்வொரு பெயராக வாசித்து, ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பார். பல மணி நேரம் ஓடும். பெற்றோருக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். பிள்ளையின் பெயரை மைக்கில் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டில் பெரியவர்கள் 'அழகப்பா' என்று ஒற்றைச் சொல்லாகச் சொல்லும்போது அது கல்லூரியா பல்கலைக்கழகமா என்று குழம்பாதீர்கள். அவர்களுக்கு எல்லாம் ஒன்றுதான். கோட்டையூரில் பிறந்த வள்ளல் அழகப்பர் 1947இல் கலைக் கல்லூரி தொடங்கினார். மகளிர் கல்லூரிக்குத் தாம் குடியிருந்த வீட்டையே கொடுத்தார். அந்த வளாகத்தில் 1985இல் வந்தது பல்கலைக்கழகம். அவர் பெயரைச் சொல்லும்போது கையெடுத்துக் கும்பிடும் பெரியவர்களை இன்னும் பார்க்கலாம்.

தேதியும் டிக்கெட்டும் விசாவும்

கடைசிப் பருவத் தேர்வு முடிந்து விழா வர மாதக்கணக்கில் ஆகும். ஒரு வருடம் தாண்டியும் நடப்பதுண்டு. அதற்குள் உங்களை அழைத்த பெண் திருப்பூரிலோ சென்னையிலோ வேலைக்குப் போயிருப்பாள். அவளே லீவு போட்டுத்தான் வருவாள். பல்கலைக்கழக விழா என்றால் முக்கிய விருந்தினர்களின் தேதியைப் பார்த்து நாள் குறிப்பார்கள். முன்கூட்டித் தெரியும் என்று நம்பி இருக்காதீர்கள், நாள் மாறவும் மாறும். திரும்பும் விமான டிக்கெட்டை மாற்றக்கூடியதாக எடுங்கள். விழாவுக்கு மறுநாளே விமானம் என்று வைத்துக்கொள்ள வேண்டாம். திருச்சியும் மதுரையும் காரைக்குடியிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரம், தொண்ணூறு கிலோமீட்டர் சொச்சம்.

விசா விஷயத்தில் அசட்டையாக இருக்காதீர்கள். சுற்றுலா விசாவில் சம்பளமில்லாத தன்னார்வ வேலைக்கு அதிகபட்சம் ஒரு மாதம்தான் அனுமதி. "விழா முடிகிற வரைக்கும் வகுப்பு எடுக்கிறேனே" என்று இழுத்துக்கொண்டு போகக் கூடாது. நீண்ட நாள் வேலை என்றால் அதற்குரிய விசா வாங்கி வர வேண்டும். ஓசிஐ அட்டைக்காரர்களுக்கு, அதாவது இந்திய வம்சாவளியினருக்கான அட்டை வைத்திருப்பவர்களுக்கு, இந்த விசாத் தலைவலி இல்லை.

இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். விழாவுக்கு முந்தின ராத்திரி எங்கள் வீட்டிலேயே தங்குங்கள் என்று அந்தக் குடும்பம் கட்டாயம் கூப்பிடும். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்காரரைத் தங்கவைப்பவர் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தகவல் பதிய வேண்டும். கொத்தனார் வேலை செய்கிற அப்பாவுக்கு அதைச் செய்யத் தெரியாது. அப்புறம் விசாரணை என்று யாராவது வந்தால் அவர்தான் பயந்து போவார். சாப்பிட்டுவிட்டு உங்கள் இடத்துக்குத் திரும்பிவிடுங்கள், காலையில் வெள்ளனப் போய்க்கொள்ளலாம்.

விண்ணப்பத்தில் உங்களுக்கு ஒரு வேலை

விழாவுக்குப் பணம் கட்டி விண்ணப்பிக்க வேண்டும். இந்தக் கட்டத்தில் நீங்கள் ஊரில் இருந்தால் உருப்படியான உதவி ஒன்று செய்யலாம்: பெயரைச் சரிபார்ப்பது. எங்கள் ஊரில் இனிஷியல் படுத்தும் பாடு தனிக்கதை. மார்க் ஷீட்டில் அப்பா பெயரின் முதலெழுத்து மட்டும் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாகக் குடும்பப் பெயராக உட்கார்ந்திருக்கும், ஆதாரில் ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறாக இருக்கும். பட்டத்தில் அச்சாகி வந்தபின் ஓர் எழுத்தைத் திருத்த மறுபடி விண்ணப்பம், மறுபடி கட்டணம், மறுபடி அலைச்சல். பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் விண்ணப்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் படியுங்கள். தமிழில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை.

பாஸ்

இதுதான் இந்த வழிகாட்டியிலேயே முக்கியமான இடம்.

பெரும்பாலும் ஒரு பட்டதாரிக்கு இரண்டு பேருக்குத்தான் பாஸ் கிடைக்கும். சில இடங்களில் ஒன்றுதான். யார் உள்ளே போவது என்று வீட்டில் ஒரு பஞ்சாயத்தே நடக்கும். அப்பா, அம்மா, வளர்த்த அப்பத்தா, ஃபீஸ் கட்டிய தாய்மாமன். நடுவில் நீங்கள். விருந்தாளி என்றால் எங்கள் ஆட்கள் தங்கள் இலையை நகர்த்தி உங்களுக்குப் போடுவார்கள். பாஸையும் அப்படியே நீட்டுவார்கள். வாங்காதீர்கள்.

நான் ஒரு தடவை வாங்க விட்டேன். லண்டனிலிருந்து வந்த தம்பி ஒருவன். பட்டம் வாங்கிய பெண்ணின் அப்பா ஊர் ஊராகப் போய் வீட்டுத் தரைக்கு ஆத்தங்குடிக் கல் பதிக்கிறவர். இரண்டு பாஸ். "நீங்க போங்க தம்பி, எனக்கு உள்ள உக்காந்தா ஒண்ணும் புரியாது" என்றார். அவர் சிரித்துக்கொண்டே சொன்னதால் நானும் சும்மா இருந்துவிட்டேன். உள்ளே போனதும் சட்டையில் அட்டை குத்திய ஒருவர் இந்தத் தம்பியின் தமிழைக் கேட்டுவிட்டு, வெளிநாட்டு விருந்தினர் என்று முன்வரிசை சோபாவில் கொண்டுபோய் உட்கார வைத்தார். அம்மா கடைசி வரிசையில். அப்பா கேட்டுக்கு வெளியே வேப்ப மரத்தடியில். ஒலிபெருக்கியில் மகள் பெயர் வந்தபோது பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரரிடம், "நம்ம புள்ளதான்" என்றாராம். அந்தப் பெண் பிறகு ஒருநாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். நகக்கண்ணில் ஏறிக் கிடந்த வெள்ளைச் சிமெண்டை முந்தின ராத்திரி முழுக்க எலுமிச்சம்பழத் தோலை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாராம் அப்பா. மேடைக்குப் பக்கத்தில் யாராவது கை கொடுத்தால் என்ன செய்வது என்று.

அந்தக் கல்லூரியை நான் குறை சொல்லவில்லை. கேட்டில் நின்று பாஸைக் கை மாற்றியது நான்தான்.

மறுப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. "வேண்டாம்" என்று நேராகச் சொன்னால் மனம் வருந்துவார்கள், இன்னும் வற்புறுத்துவார்கள். ஒரு வேலையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். "அப்பத்தா தனியா இருப்பாங்க, நான் அவங்களுக்குத் துணைக்கு வெளிய இருக்கேன்" என்று சொல்லிப் பாருங்கள், பேச்சு அதோடு முடிந்துவிடும். வெளியே இருப்பதால் ஒன்றும் குறைந்துவிடாது. பூங்கொத்து விற்பவர், உடனடி போட்டோ எடுப்பவர், டீக்கடை, ஒருவர் கவுனை ஒருவர் சரி செய்யும் பிள்ளைகள் என்று பாதி விழா அங்கேதான் நடக்கிறது. குடும்பத்தில் எல்லாருக்கும் இடம் கிடைத்து அதற்குமேல் பாஸ் இருந்தால் தாராளமாக உள்ளே போங்கள். முன்வரிசைக்கு யார் கூப்பிட்டாலும், "அம்மாகூட வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு அம்மா பக்கத்திலேயே உட்காருங்கள்.

உடை

பெண்களுக்கு: காரைக்குடிக் கண்டாங்கிச் சேலை கட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. கட்டம் போட்ட பருத்தி, பட்டையான கரை. 2019இல் புவிசார் குறியீடு வாங்கியது. கஞ்சி போட்டு இஸ்திரி செய்தால் விறைப்பாக நிற்கும், வேர்வைக்கும் தாங்கும். கட்டிப் பழக்கமில்லை என்றால் சுடிதாரே போதும். பாதி விழாவில் கொசுவம் அவிழ்ந்து, பட்டம் வாங்க வந்த பெண் உங்களுக்காக ஊக்கு தேடி ஓடக் கூடாது. பட்டும் கல் வைத்த நகையும் வேண்டாம், அதெல்லாம் அவள் அம்மா போடட்டும். ஆண்கள் வெள்ளைச் சட்டை, வேட்டி. வெல்க்ரோ ஒட்டிய வேட்டி கடைகளில் கிடைக்கிறது, வெட்கப்படாமல் வாங்குங்கள். அரைக்கால் சட்டை கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன். ஒரு வருடம் சொல்ல வேண்டி வந்தது.

முந்தின நாள்

பட்டதாரிகளுக்கு ஒத்திகை இருக்கும், சில இடங்களில் விழா அன்று காலையிலேயே வைத்துவிடுவார்கள். கவுனையும் தோளில் போடும் பட்டையையும் முன்பணம் கட்டி வாங்க வேண்டும். கவுனுக்குப் பதில் அங்கவஸ்திரம் கொடுக்கும் இடங்களும் உண்டு. கவுன் பொதுவாக ஒரே அளவில் தைத்தது, ஆகவே ஊக்கு ஒரு டஜன் உங்கள் பையில் இருக்கட்டும். தோளில் போட்ட பட்டை பின்பக்கம் சரிந்து கழுத்தை இறுக்கும். முன்பக்கம் சேலையோடு சேர்த்து உள்ளே ஒரு ஊக்கு குத்தினால் நிற்கும். நான் இதுவரை குத்திவிட்டவர்கள் முப்பது பேராவது இருப்பார்கள்.

விழா நாள்

பத்து மணி விழாவுக்கு எட்டு மணிக்குள் போய்ச் சேருங்கள். ஆளுநர் வருகிறார் என்றால் வளாகத்துக்கு வெகு முன்பே வண்டியை நிறுத்திவிடுவார்கள். அப்பத்தாவைக் கூட்டிக்கொண்டு வெயிலில் நடக்க வேண்டியிருக்கும். குடையும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் பையும் பாட்டிலும் பெரும்பாலும் உள்ளே போகாது, வெளியில் இருப்பவரிடம் கொடுத்துவிட வேண்டும். அடையாளத்துக்குப் பாஸ்போர்ட் நகல் கையில் இருக்கட்டும். சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். வீட்டுப் பெண்கள் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் காசு கொடுக்காமல் வந்துவிடுவார்கள். நீங்கள் தனியாகக் கார் பிடித்தால், ஏறுங்கள் என்று அவர்களையும் கூப்பிடுங்கள், அல்லது அவர்களோடு பஸ்ஸில் போங்கள். இரண்டாவது இன்னும் நன்றாக இருக்கும்.

உள்ளே விதி சுருக்கமானது. பேராசிரியர்கள் வரிசையாக ஊர்வலம் வரும்போது எழுந்து நில்லுங்கள். தமிழ்த்தாய் வாழ்த்துக்கு நில்லுங்கள். 2021 டிசம்பரில் அது மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது, பாடி முடிக்க 55 விநாடி. நாட்டுப்பண்ணுக்கும் அப்படியே. நடுவில் எழுந்து போக முடியாது, ஆகவே போக வேண்டிய இடத்துக்கு முன்னாலேயே போய்விட்டு வந்து உட்காருங்கள். உரைகள் நீளும். எல்லாரும் தூங்குவார்கள், நீங்களும் கொஞ்சம் தூங்கலாம். உங்கள் பெண்ணின் பெயர் வரும்போது கை தட்டுங்கள், விசில் வேண்டாம். மேடையில் கொடுக்கும் அட்டைக்குள் சில சமயம் பட்டம் இருக்காது, பிறகு கவுண்டரில் வாங்க வேண்டும். அதைப் பார்த்து அம்மா பதறினால் நீங்கள் தைரியம் சொல்லுங்கள்.

என்ன கொடுப்பது

இங்கே நீங்கள் நல்ல மனதோடு செய்யக்கூடிய பெரிய தப்பு ஒன்று இருக்கிறது. அயல்நாட்டுக் காசு மாற்றும்போது பத்தாயிரம் பெரிய தொகையாகத் தெரியாது. கவரில் வைத்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுவீர்கள். எங்கள் பக்கம் வருகிற பணத்துக்கெல்லாம் மொய் நோட்டு உண்டு. எழுதி வைத்தது திருப்பிச் செய்ய வேண்டியது. ஈப்போவில் உங்கள் கல்யாணத்துக்கு அவர்கள் எப்படி வந்து செய்வார்கள்? அந்தக் கணக்கு அவர்கள் மனதில் தீராமல் கிடக்கும். 501 ரூபாய் போதும். அந்த ஒரு ரூபாயை விட்டுவிடாதீர்கள், முழுத் தொகையாகக் கொடுக்கும் வழக்கம் இல்லை. பொருளாகக் கொடுப்பதென்றால் கைக்கடிகாரம், நல்ல பேனா, சான்றிதழ்களை வைக்கும் கோப்பு. பழமும் பூவும் வாங்கிச் செட்டிநாட்டுக் கொட்டானில் வைத்துக் கொடுத்தால் வீட்டுப் பெரியவர்கள் உங்களை உள்ளூர்க்காரர் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். பனையோலையில் பின்னிய அந்தச் சின்னக் கூடை எத்தனையோ வருடம் உழைக்கும். இரண்டு கையாலும் கொடுங்கள்.

படம் எடுப்பது

முதல் படம் பெற்றோரோடு. நீங்கள் எடுப்பவராக இருங்கள். அப்புறம் அவர்கள் கூப்பிட்டால் போய் நில்லுங்கள், நடுவில் வேண்டாம். இணையத்தில் போடுவதற்கு முன் அவளிடம் கேளுங்கள். போடும்போது ஓட்டு வீட்டுப் படத்தையும் கவுன் படத்தையும் ஒட்டிவைத்து வறுமையை வென்றாள் என்றெல்லாம் எழுதாதீர்கள். நாளைக்கு அவள் வேலை கேட்டுப் போகும் கம்பெனிக்காரர் அதைப் படிப்பார். உங்கள் சில வார ஆங்கில வகுப்பும் அவள் படிப்பில் ஒரு பங்குதான், மறுக்கவில்லை. அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால் 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வந்தது, பஸ் இலவசம், அம்மா நூறு நாள் வேலைக்குப் போனார், தாய்மாமன் சீட்டு எடுத்துக் கொடுத்தார். இந்த வரிசையில் கடைசியில் எங்கோ நீங்களும் நானும்.

வீட்டுக்குப் போகும் வழியில்

பிள்ளையார்பட்டியிலோ குன்றக்குடியிலோ வண்டி நிற்கும். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் தேவாலயத்தில். உங்களுக்கு நம்பிக்கை இல்லாவிட்டாலும் கூடப் போய் ஓரமாக நில்லுங்கள். அரைமணி நேரம்தான். வீட்டில் பெரியவர்கள் காலில் விழுந்து கும்பிட்டு வரும் வரிசையில் அந்தப் பெண் டீச்சர் என்று உங்கள் காலிலும் விழுவாள். இருபத்திரண்டு வயதில் இது பெரிய சங்கடம்தான். பின்னால் நகராதீர்கள், ஐயோ என்று கத்தாதீர்கள். தோளைத் தொட்டு எழுப்பி "நல்லா இருங்க" என்றால் போதும்.

சாப்பாடு இலையில். முதலில் வெள்ளைப் பணியாரமோ கவுனி அரிசியோ வரும், பிறகு கறிக்குழம்பு. சைவம் மட்டும் சாப்பிடுபவர் என்றால் முந்தின நாளே சொல்லிவிடுங்கள், கறி வெந்தபின் சொன்னால் சமைத்த கைக்கு வருத்தம். போதும் என்பதை வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள், இலைக்கு மேல் கையை நீட்டி மறைக்க வேண்டும். அதையும் தாண்டி ஒரு கரண்டி விழும்.

ஊர் திரும்பியபின் விழா வந்தால்

நேரலை இணைப்பு இருக்கிறதா என்று அவளிடம் கேளுங்கள், பல இடங்களில் யூடியூபில் போடுகிறார்கள். மண்டபத்திலிருந்து வீடியோ கால் போடச் சொல்லாதீர்கள். சத்தத்தில் ஒன்றும் கேட்காது, அவளும் அந்த நேரத்தை உங்களுக்குச் செலவழிப்பாள். சாயங்காலம் வீட்டில் எல்லாரும் இருக்கும்போது பேசுங்கள். மலேசியக் கடிகாரம் இங்கிருப்பதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும், தூங்கிவிடாதீர்கள்.

கடைசி இரண்டு வேலை

பட்டத்தை லேமினேட் செய்ய அப்பா அன்றைக்கே கடையைத் தேடுவார். தடுங்கள். பின்னாளில் வளைகுடாவுக்கோ மலேசியாவுக்கோ வேலைக்குப் போகச் சான்றொப்பம் வாங்க வேண்டி வந்தால் முத்திரை குத்துவது காகிதத்தின் முதுகில். பிளாஸ்டிக் ஒட்டினால் உரித்தெடுக்கும்போது எழுத்தும் சேர்ந்து வரும். சும்மா ஒரு உறையில் போட்டு, கண்ணாடிச் சட்டத்துக்கு நகல் எடுத்துக் கொடுங்கள்.

அடுத்தது கவுன். அன்றைக்கே குறித்த நேரத்துக்குள் திருப்பிக் கொடுத்தால்தான் முன்பணம் வரும். ஆனால் நேராகக் கவுண்டருக்கு ஓடாதீர்கள். வெளியே உட்கார்ந்திருக்கும் அப்பத்தாவிடம் முதலில் கொண்டுபோய்க் காட்டச் சொல்லுங்கள். போன தடவை நான் துணைக்கிருந்த அப்பத்தா அந்தத் தோள்பட்டைத் துணியை இரண்டு விரலால் நெருடிப் பார்த்துவிட்டு, "பட்டா இது?" என்றார். "இல்ல அப்பத்தா, வாடகை" என்றாள் பேத்தி. "வாடகையா? இம்புட்டுப் படிச்சும் சொந்தமாத் தரலியா?" என்று அவர் கேட்டதற்கு எங்களிடம் பதில் இல்லை.

அப்புறம் கவுண்டரில் போய் வரிசையில் நில்லுங்கள். ரசீது கேட்பார்கள். எங்கே என்று தேடிப் பதறாதீர்கள், அநேகமாக அம்மாவின் சுருக்குப்பையில் நாலாக மடிந்து இருக்கும்.